வைட்டமின் ஈ-யை மீட்டெடுக்கும் வைட்டமின் சி: கேள்வி பதில்

கேள்வி: வைட்டமின் சி, ஈ இரண்டுமே செல்கள் கெடாமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே? ஏதாவது ஒன்று போதாதா?

பதில்: போதாது. இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு. ஈ கொழுப்பில் கரைவது, செல்லின் சவ்வுக்குள் இருக்கும். சி நீரில் கரைவது, ரத்தத்திலும் செல்லுக்குள் உள்ள நீரிலும் இருக்கும். சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறை ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் இருப்பதால் மற்றவற்றோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறு) தாக்கினால், கெட்டுப்போன அந்த மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். ஈ தன் ஹைட்ரஜன் அணு ஒன்றைக் கொடுத்து இந்தச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்த பிறகு ஈ-யே ஒரு ராடிக்கல் ஆகிவிடும், ஆனால் அவ்வளவாகத் தீங்கு செய்யாத ராடிக்கல். சவ்வின் ஓரத்தில் சி அதற்கு எலக்ட்ரான் கொடுத்துப் பழையபடி ஆக்குகிறது. 1979-ல் இந்த வினையை ஆய்வகத்தில் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். சவ்வில் ஈ மிகக் கொஞ்சமாக இருந்தும் தாக்குப்பிடிக்க இது உதவுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: சரி, சி-யை யார் மீட்பது?

பதில்: முக்கியமாக, உடல் தானே தயாரிக்கும் குளுட்டதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். அதைப் புதுப்பிக்கும் என்சைமுக்கு வைட்டமின் பி2 வேண்டும், நியாசினிலிருந்து (வைட்டமின் பி3) வரும் துணைப்பொருளும் வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் இந்த இரண்டையும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

கேள்வி: சார், நான் சிகரெட் பிடிப்பவன். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே, அந்த மாத்திரை நுரையீரலைக் காப்பாற்றுமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான், 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். புகைபிடிப்பவர்கள் ரத்தத்தில் ஈ வேகமாகத் தீர்ந்துபோகும், சி போதுமான அளவு இருந்தால் அந்த வேகம் குறைகிறது. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: ஈ மாத்திரை கூடுதலாகப் போட்டால் என்ன?

பதில்: ஈ-யை மட்டும் ஏற்றினால் அதை மீட்கும் சி-யோ குளுட்டதயோனோ கூடிவிடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவராக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.