4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் ரிசீவர் வேண்டுமா?

வேண்டாம். 4 ஓம் தாங்கும் என்று போட்டிருக்கிற இரண்டு சனல் ஸ்டீரியோ அம்பிளிபயர் 50 வாட்ஸ் இருந்தாலே உங்கள் கல்லடி வீட்டு ஹோலுக்குத் தாராளம். 50ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

சத்தத்தைக் கூட்டினதும் இப்போதைய ரிசீவர் (ரேடியோவும் அம்பிளிபயரும் ஒன்றாய் உள்ள பெட்டி) தானாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஓம்தான், அதாவது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு. அது குறைந்தால் கரண்ட் கூடும். பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் பூட்டுகிற இடத்தில் பாருங்கள். 6 முதல் 16 ஓம் என்று அடித்திருந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் அது கொடுக்கக்கூடியதைவிட அதிக கரண்டை இழுக்கிறது. எரிந்துபோகாமல் இருக்கத்தான் அது நிற்கிறது.

வாங்குவதற்கு முன்னம் ஒன்று செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு வயர் நுனிகளைப் பாருங்கள். மயிரிழைச் செம்புக் கம்பி ஒன்று பக்கத்து முனையில் முட்டினாலும் இதே மாதிரித்தான் நிற்கும். கடற்காற்றுக்கு என் வீட்டு வயர் நுனி பச்சை பிடித்துக் கிடந்தது. அரை அங்குலம் வெட்டி, புதிதாய் உரித்து, இறுக்கமாக முறுக்கிப் பூட்டினேன்.

அப்புறம், பழைய ஜப்பான் செட் மலிவாகக் கிடைத்தால் கவனம். பின் தகட்டில் 100 வோல்ட் என்று இருந்தால் நமது 230 வோல்ட்டில் நேரே குத்த வேண்டாம், எரிந்துவிடும். 230ஐ 100 வோல்ட்டாகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.