பாப்கார்ன் சோளம் பொரியாமல் கருகுகிறதே, விதை கலப்படமா?

கேள்வி: பழைய சிவப்பு ரகப் பாப்கார்ன் மக்காச்சோளத்தை வீட்டுத் தோட்டத்தில் வேலியோரமாக ஒரே வரிசையில் விதைத்தேன். பக்கத்துப் பாத்தியில் இனிப்பு மக்காச்சோளமும் அதே சமயத்தில் பூத்தது. கதிரில் ஆங்காங்கே மணி இல்லை. பறித்ததும் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, பிறகு திறந்த தட்டில் வைத்திருந்தேன். பொரித்தால் பாதிக்கு மேல் பொரியாமல் அடியில் கருகிக் கிடக்கிறது. விதை கலப்படமா? இதிலிருந்தே விதை எடுக்கலாமா?

பதில்: விதை மீது சந்தேகப்படும் முன் காயவைத்த விதத்தைப் பாருங்கள். பாப்கார்ன் மணிக்குள் இருக்கும் ஈரம்தான் அதை வெடிக்க வைக்கிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த ஈரம் நீராவியாகி, கெட்டியான மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு மணியில் 13.5 முதல் 14 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் பொரியும், ஆனால் சவசவவென்று மெல்ல முடியாமல் இருக்கும். ஈரம் குறைந்தால் உங்களுக்கு நடந்ததுபோல அடியில் தங்கிக் கருகும். அதிகம் காய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நல்லவேளையாக, இழந்த ஈரத்தைத் திரும்பக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு மணியைக் கொட்டி, ஒரு டேபிள் ஸ்பூன் தண்ணீர் விட்டு இறுக மூடுங்கள். தண்ணீர் முழுதும் உறிஞ்சப்படும்வரை தினமும் சில தடவை குலுக்குங்கள். மூன்று நாள் கழித்து ஒரு கைப்பிடி பொரித்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் சில துளி. அவசரப்பட்டு அதிகம் ஊற்றினால் பூசணம் பிடித்துவிடும்.

அப்படியும் பொரியாத மணிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடி போன்ற கீறல் தெரிந்தால் அது கடும் வெயிலில் வேகமாகக் காய்ந்ததாலோ, முரட்டுத்தனமாக உதிர்த்ததாலோ வந்தது. தோல் கீறிய மணியில் ஆவி கசிந்துவிடும். அதை ஒன்றும் செய்ய முடியாது, மாவாக அரைத்துக்கொள்ளுங்கள்.

கீறலும் இல்லை, ஈரமும் சரி, ஆனாலும் பொரியவில்லை என்றால் இனிப்புச் சோளத்தின் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். மணியின் மேல்தோல் தாய்ச்செடியினுடையது. உள்ளே இருக்கும் மாவுப் பகுதியில் தந்தைக்கும் பங்குண்டு. அதனால் கலப்பின் விளைவு அந்த மணி பொரியும் விதத்திலேயே தெரியலாம். சில பாப்கார்ன் ரகங்கள் வேறு சோள மகரந்தத்தை ஏற்பதில்லை, ஆனால் எல்லா ரகமும் அப்படியல்ல. பாப்கார்ன் மகரந்தம் விழுந்தால் இனிப்புச் சோளமும் இனிப்பை இழக்கும். ஆகவே அடுத்த முறை இரண்டும் பூக்கும் காலத்துக்கு இடையே இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வரும்படி விதையுங்கள்.

மணி இல்லாத இடங்களுக்குக் காரணம் ஒற்றை வரிசைதான். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்கானது. உச்சிப் பூவின் மகரந்தம் காற்றில் வந்து அதில் படாவிட்டால் அங்கே மணி இருக்காது. அதே எண்ணிக்கைச் செடிகளை நான்கைந்து குறுகிய வரிசைகளாகச் சதுரமாக விதைத்தால் போதும். செடிக்குச் செடி முக்கால் அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. பூக்கும் நேரத்தில் தண்ணீர் குறையக் கூடாது. முழங்கால் உயரத்தில் ஒரு மேலுரம் கொடுங்கள். பக்கக் கிளைகளை ஒடிக்க வேண்டாம்.

பறிப்பதிலும் அவசரம் வேண்டாம். உறை முழுதும் சருகாகி, நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு மணி இறுகட்டும். தொடர் மழை வரும் போலிருந்தால் மட்டும் முன்கூட்டியே பறியுங்கள். உறையை உரித்து, கதிரோடு நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை சில மணி பொரித்துப் பார்த்து, நன்றாகப் பொரியத் தொடங்கியதும் உதிர்த்துக் காற்றுப் புகாத ஜாடியில் அடையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் மேலும் காய்ந்துகொண்டே போகும், வண்டும் வரும். (சிவப்பு மணி சிவப்பாகப் பொரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே வெள்ளைதான்!)

இந்த விளைச்சலிலிருந்து விதை எடுக்காதீர்கள். இனிப்புச் சோளம் அருகிலேயே பூத்திருக்கிறது. கலப்பு இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. அதோடு, மக்காச்சோளத்தில் சில செடிகளிலிருந்து மட்டும் தொடர்ந்து விதை எடுத்தால் சில தலைமுறைகளில் வீரியம் குறைந்து, கதிர் சிறுத்துவிடும். ரகத்தைக் காக்க நூறு செடிக்கு மேல் வேண்டும். உங்களிடம் அவ்வளவு இடம் இல்லையென்றால், அதே ரகத்தைத் தனியாக வளர்ப்பவரிடம் விதை வாங்கிக்கொள்வதே நல்லது.