வளரும் நாடுகளில் பொதுச் சுகாதாரத் திட்டங்கள் எட்டாத மக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வேட்டுக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, மியான்மாரில் பெகு நகரப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் வியாபாரி. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

2015 தொடக்கத்தில் மியான்மார் முழுவதும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்த சயாமாவுக்கு (மருத்துவச்சியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஐஸ் பெட்டி தூக்கவும் தமிழில் பேசவும் நான் கூடப் போனேன். மூன்று மணிக்கெல்லாம் பட்டியல் முடிந்துவிட்டது. ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து. கரைத்துவிட்டால் 6 மணி நேரம்தான், பிறகு கொட்ட வேண்டியதுதான். கடைசிக் குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம். "ஊலே (மாமா), வேறு பிள்ளைகளே இல்லையா?" என்றார் சயாமா.

இருந்தார்கள், வாய்க்காலுக்கு அப்பால். அவர் கையில் இருந்ததோ குடும்பப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பட்டியல். தாத்தா காலத்திலிருந்து இங்கேயே நாற்று நட்டும், 1982 குடியுரிமைச் சட்டத்துக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர்கள் அதில் எப்படி ஏறுவார்கள்? 2014 கணக்கெடுப்பின்படியே, 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1 கோடிப் பேருக்கும் அதிகமானோரிடம் அடையாள அட்டை இல்லை.

அரசைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஊசி போடும்போது யாரும் அட்டை கேட்கவில்லை. பட்டியல் எழுதியபோதே கேட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாரியம்மன் கோயில் வரி நோட்டை எடுத்து வந்தேன். அம்மன் அட்டை கேட்பதில்லை, வரி மட்டும்தான். வாய்க்கால் வீடுகள் பலவும் அதில் இருந்தன. ஆனால் வரி கட்டாத மூன்று குடும்பங்களின் பெயரை அடித்திருந்தார்கள். அந்த மூன்றும் மளிகைக் கடை அக்காவின் கடன் நோட்டில் அகப்பட்டன. கடன்காரனை யார் மறப்பார்கள்? ஒரு தாய், அட்டை பார்க்க வந்திருக்கிறோம் என்று பயந்து, இரண்டு பிள்ளைகளையும் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தாள். மொத்தம் 11 பிள்ளைகள். சயாமா இன்னொரு குப்பியை உடைத்தார்.

ஆகவே, பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கடன் நோட்டு வைத்திருப்பவரிடம் போங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். "பர்மாவில் இன்னும் தமிழர்கள் இருக்கிறார்களா?" என்று இந்தத் தளத்தில் மாதம் ஒருவர் கேட்கிறார். 1964க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களோடு எங்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகனே போன மாதம், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டே, என்னிடம் தொலைபேசியில் கேட்கிறான்: "அங்கே உன்னோடு தமிழ் பேச யார் இருக்கிறார்கள்?"