கை மட்டும் போதுமா?

வணக்கம் சார்,

நான் சேலம் அஸ்தம்பட்டி. மார்ச் கடைசியில் தோழிகளோடு ஜப்பான் போகிறேன். எங்கள் போட்டோ குழுவில் ஒரு சேலஞ்ச்: பயணத்தில் தினம் ஒரு தலைப்பு, அன்றைக்குள் ஒரு படம். சிவப்பு, கதவு, நிழல், காத்திருத்தல், உழைக்கும் கைகள் என்று பட்டியல் வந்துவிட்டது. தலைப்பைத் துரத்திக்கொண்டே ஊரைப் பார்க்காமல் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

லென்ஸ் எதுவானாலும் சரி, கையில் இருப்பதைக் கொண்டுபோங்கள்.

ஊரைப் பார்க்காமல் போய்விடுவோம் என்ற பயமும் வேண்டாம். தலைப்பு எதுவும் இல்லாமல் போகிறவர்கள்தான் எல்லோரும் எடுத்த படத்தையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு கடையின் கூரைக்கு மேலே ஃபுஜி மலை தெரியும். அந்த ஒரே படத்துக்காகக் கூட்டம் சாலையில் இறங்கியது, குப்பை போட்டது, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தியது. கடைசியில் 2024 மே மாதம் 2.5 மீட்டர் உயரத்துக்கு, 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்தார்கள். அதே மலையை 1830களில் ஹொகுசாய் என்ற ஜப்பானிய ஓவியர் தலைப்பாக எடுத்துக்கொண்டார். முப்பத்தாறு காட்சிகள் என்று பெயர் வைத்து, அப்புறம் பத்தைக் கூட்டினார். அதில் ஒன்றில் ஒரு தொழிலாளி பெரிய மரத்தொட்டிக்குள் நின்று இழைத்துக்கொண்டிருக்கிறார். தொட்டியின் வட்டத்துக்குள் எங்கோ தூரத்தில் நக அளவில் ஃபுஜி. தலைப்பு மலை, ஆனால் நம் கண் அந்த ஆளை விட்டு நகராது. நல்ல தலைப்பு இப்படித்தான் நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் அந்தக் கடைசித் தலைப்பு, உழைக்கும் கைகள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் அம்மா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். ஒருநாள் ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு ஒருவர் கேமராவோடு இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கையை விரிக்கச் சொன்னார், பழத்தை அள்ளிக் காட்டச் சொன்னார், வெயில் படும்படி கொஞ்சம் திருப்பச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “முகம் வேண்டாம்மா, கை போதும்” என்றார் அவர். எடுத்து முடித்ததும் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் மூட்டையை எடை போடும் இடத்தில் அம்மா பக்கத்தில் நின்றவரிடம், “ஏண்டி, என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கதவைத் தலைப்பாக்கலாம், கதவுக்கு மனசு நோகாது. நிழல் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டிருக்காது. ஆளைத் தலைப்பாக்கினால் அந்த ஆளிடமிருந்து தலைப்புக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுக்கத் தோன்றும். சுருக்கம் வேண்டும், கறை வேண்டும், வெடிப்பு வேண்டும். ஆள் வேண்டாம். அந்தக் கைக்காரியின் பெயர் என்ன, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், குளிரில் அந்த விரல் எப்படி மரத்துப்போகும், ஒன்றும் தெரிய வேண்டாம். அப்புறம் அதன் கீழே ‘மனிதம்’ என்று எழுதிப் பாராட்டு வாங்குகிறோம். வெட்கமாக இல்லையா? உங்கள் குழுவில் இந்தத் தலைப்பைக் கொடுத்தவரிடமும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஜப்பானிலும் இது நடந்திருக்கிறது. கியோட்டோவின் கியோன் பகுதியில், கெய்ஷா கலைஞராகப் பயிற்சி பெறும் மைக்கோ பெண்களை மறித்துப் படம் எடுக்கும் தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019இல் பலகை வைத்தார்கள். அதுவும் போதாமல் 2024இல் சில சந்துகளுக்குள் சுற்றுலாக்காரர்கள் நுழையவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான், சுகந்தி. என் அம்மா போனது போல.

“ஷாஷின் ஒ தொத்தே மோ ஈ தெஸ் கா?” என்றால், படம் எடுக்கலாமா என்று கேட்பது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சம்மதித்தால் முதலில் முகத்தோடு ஒரு படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள். கை அதற்கு அப்புறம்.

மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மேலே இப்போது பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வாருங்கள், ஏரியையும் லேடீஸ் சீட்டையும் விட்டுவிடுங்கள். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு பறிக்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் “சரிங்க” என்று சொல்லிவிட்டு, முகம் சுருங்காமல் நகர்ந்து வரவும் பழகிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.