வாசகர் கேள்வி பதில்: சேலத்து அடுக்ககத்தில் ஒரு கப்பல் அறை

கேள்வி: நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் சேலம் அழகாபுரத்தில், 600 சதுர அடி அடுக்ககம் ஒன்றில் கணவருடனும் ஆறு வயது மகனுடனும் வசிக்கிறேன். கூடத்தையும் மகனின் அறையையும் கடலும் கப்பலும் நினைவுக்கு வரும்படி அலங்கரிக்க ஆசைப்படுகிறேன். நங்கூரம், சுக்கான் சக்கரம், மீன்வலை ஆகியவற்றை ஒரே தொகுப்பாக இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இவ்வளவு சிறிய கூடத்தில் சக்கரமும் நங்கூரமும் வலையும் சேர்ந்து தொங்கினால், குடியிருக்கும் வீடு பரிசுப்பொருள் கடையைப் போலாகிவிடும். வலையில் படியும் கோடைப் புழுதியைத் தட்டி எடுப்பதும் எளிதன்று. ஒரு சிறிய வீடு கப்பலிடமிருந்து கற்கத்தக்கது அதன் உள்ளறை அமைக்கப்படும் முறை. படுப்பது, உண்பது, எழுதுவது, உடைமைகளை வைப்பது என எல்லாவற்றுக்கும் ஒரே குறுகிய அறையில் இடம் காண வேண்டியிருப்பதால், அங்கே கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள் இருக்கும், மேசை சுவரோடு மடிந்து நிற்கும், கப்பல் ஆடும்போது பொருள்கள் சரிந்து விழாதபடி அலமாரித் தட்டுகளின் விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் உயர்ந்து நிற்கும்.

மகனின் அறையிலிருந்து தொடங்குங்கள். பதினெட்டு அங்குல உயரத்தில், அடியில் இரண்டு பெரிய இழுப்பறைகள் கொண்ட கட்டிலைச் சுவரோடு ஒட்டிச் செய்யச் சொல்லுங்கள். படிக்கும் மேசையைக் கீல் வைத்து மடக்கும்படி அமைத்தால், மாலையில் பிள்ளை விளையாடத் தரை மிஞ்சும். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் தச்சர் மெரைன் பிளைவுட் வேண்டும் என்பார். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடு பெற்ற, நீரைத் தாங்கும் அந்த ஒட்டுப்பலகை ஈரம் படும் சமையலறைக்கும் குளியலறைக் கதவுக்கும் உரியது. ஈரம் படாத படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 தரமே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல கீல்களுக்குச் செலவிடுங்கள், ஏனெனில் மடக்கு மேசையில் முதலில் பழுதாவது கீல்தான்.

கூடத்தில் நீலத்தை அள்ளித் தெளிக்காதீர்கள். நான்கு சுவர்களும் அடர் நீலமானால் அறை சுருங்கித் தோன்றும். சோபாவுக்குப் பின்னுள்ள ஒரே சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அடர் நீலமும், அதன் மேல் விரல் அகலத்துக்குச் செங்காவிக் கோடும், அதற்கு மேல் வெள்ளையும் பூசச் செய்யுங்கள். கப்பலின் நீருக்குள் அமிழும் பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க அடிக்கும் பூச்சில் தாமிர ஆக்சைடு கலப்பதுண்டு; பழைய கப்பல்களின் அடிப்பகுதி செந்நிறமாக இருப்பதற்கு அதுவே காரணம். அந்த ஒரு கோடு, பார்ப்பவர் கண்ணுக்கு நீர்மட்டத்தை உணர்த்திவிடும். மேற்கு வெயில் விழும் சுவர் எதுவானாலும் அது வெள்ளையாகவே இருக்கட்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் அடர் நிறச் சுவர் மாலைவரை வெம்மையைத் தாங்கி நிற்கும்.

நீல வெள்ளைக் கோடுகள் மாலுமிகளின் அடையாளமாக ஆனதில் பிரெஞ்சுக் கடற்படைக்குப் பெரும் பங்குண்டு. 1858 ஆம் ஆண்டில் அது கோடு போட்ட சட்டையை மாலுமிகளின் சீருடையில் சேர்த்தது. அந்தக் கோடுகளுக்காக நீங்கள் வெளிநாட்டு விரிப்பைத் தேட வேண்டியதில்லை. பவானி ஜமக்காளமே பட்டை பட்டையாக நெய்யப்படுவது; நீலமும் வெள்ளையும் மட்டும் வரும்படி நெய்து தர இயலுமா என்று நெசவாளரிடம் கேட்டுப் பாருங்கள். விளக்குக்கும் இதே எண்ணம்தான். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று மீன்பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடல் இல்லாத சேலம் மாவட்டத்துக்கு மூங்கில் பின்னிய அந்த வட்ட ஓடமே சொந்தக் கலம். கூடை பின்னுபவரிடம் அதே வடிவத்தில் சிறிதாக ஒன்று பின்னச் சொல்லி, கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே சூடேறாத எல்.இ.டி. விளக்கைப் பொருத்துங்கள்.

உங்கள் ஊரின் பெயரால் ஒரே ஒரு பொருளாவது அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இந்தியக் கடல்வழி வரைபடங்களை டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடுகிறது. தூத்துக்குடித் துறைமுகப் பகுதியின் வரைபடம் கிடைத்தால் அதைச் சட்டமிட்டு மாட்டுங்கள். கடலின் ஆழத்தை எண்களால் குறித்த அந்தத் தாளுக்கு முன் நின்று, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளைப் பற்றி மகனுக்குச் சொல்லலாம். கடையில் வாங்கும் நங்கூரத்தைக் காட்டிச் சொல்ல அப்படி ஒரு கதையும் இராது.

கேள்வி: அடுத்த மாதம் இராமேஸ்வரம் செல்கிறோம். கூடத்து அலமாரிக்காகப் பவளத் துண்டுகளும் காய்ந்த கடற்குதிரையும் வாங்கி வரலாமா?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கூடாது. பவளம், கடல்விசிறி, கடற்குதிரை ஆகியவை 2001 ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். சில அரிய சங்கு வகைகளுக்கும் இது பொருந்தும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்ததே அந்தப் பவளத் திட்டுகளைக் காப்பதற்காகத்தான். அலமாரியில் வைக்க மரத்தில் செதுக்கிய சிறு தோணி ஒன்று போதும்.

கேள்வி: ஏற்காட்டில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. ஆணி அடிக்க உரிமையாளர் அனுமதிக்கவில்லை. போன ஆண்டு மாட்டிய சணல் கயிறும் துணிப் பாயும் பூசணம் பிடித்துவிட்டன. கப்பல் அலங்காரம் இங்கே சாத்தியமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சாத்தியம்தான். ஏற்காட்டு மூடுபனியில் பருத்தியும் சணலும் விரைவில் கெடும். அவற்றுக்குப் பதிலாகத் தென்னை நார்க் கயிற்றைப் பயன்படுத்துங்கள், அது உப்புநீரிலேயே நெடுநாள் தாங்குவது. ஆணிக்கு மாற்றாக, ஏணி வடிவ மரத்தாங்கி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் படிகளில் கயிற்றுச் சுருளையும் விளக்கையும் தொங்கவிடலாம். தாங்கியின் இருபுறமும் சிவப்பு, பச்சை விளக்குகள் வைப்பதானால் வரிசை மாறக் கூடாது: கப்பலின் முன்பக்கம் நோக்கி நிற்பவருக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. பித்தளைப் பொருள்களைப் புளியால் துலக்கியபின் ஈரம் போக நன்றாகத் துடைத்து வையுங்கள். படமோ வரைபடமோ இருந்தால் மழைச்சாரல் படும் வெளிச்சுவரை விட்டு, இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை ஒட்டி வையுங்கள்.