மெஷ் கருவியில் செய்தியின் நேரம் 1970 என்று தெரிவது ஏன்?

பெங்களூர் அல்சூரில் மொட்டை மாடியில் வைத்திருக்கும் மெஷ்டாஸ்டிக் கருவி (கைபேசிக் கோபுரமோ இணையமோ இன்றி வானலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் சிறு கருவி), மின்தடைக்குப் பின் வரும் செய்திகளுக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று நேரம் காட்டுவதாகவும், அது பழுதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. இத்தகைய கருவிகள் பலவற்றில் தனி பேட்டரியுடன் கூடிய கடிகாரச் சில்லு கிடையாது. ஆகவே மின்சாரம் நின்றதும் நேரத்தை இழந்துவிடும் கருவி, தெரியாத நேரத்தைச் சுழியமாகவே குறிக்கிறது. நேரத்தை நொடிகளாக எண்ணும் யூனிக்ஸ் கணக்கில் அந்தச் சுழியம் உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 தொடங்கும் நள்ளிரவு. பெங்களூரில் அதுவே காலை ஐந்தரை.

அனுப்பிய நேரமும் செய்தியோடு வந்துசேரும் என்று பலர் நம்புவது இயல்புதான். ஆனால் இக்கருவிகள் பயன்படுத்தும், வேகம் மிகக் குறைந்த லோரா என்ற நெடுந்தூர வானலை இணைப்பில் ஒவ்வொரு பைட்டையும் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருப்பதால், பொதுவாக நேரம் வானலையில் அனுப்பப்படுவதில்லை. பெறும் கருவியே தன் கடிகாரத்தைப் பார்த்து முத்திரையிடுகிறது. எனவே ஒரே செய்தி இரண்டு கருவிகளில் இரண்டு நேரங்களைக் காட்டலாம். வந்த வரிசையை வைத்து அனுப்பிய வரிசையை முடிவு செய்வதும் சரியன்று.

ப்ளூடூத் வழியாகக் கைபேசிச் செயலியை ஒருமுறை இணைத்தாலே நேரம் சரியாகிவிடும். ஆளில்லாத மாடிக் கருவிக்கு ஜிபிஎஸ் பொருத்துவதே என் பரிந்துரை. அதன்பின் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரப் படிகம் நாளொன்றுக்கு விலகக்கூடிய 1.7 நொடியும் அவ்வப்போது திருத்தப்பட்டுவிடும்.