தண்டித்தால்தான் வரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நீதிமன்றங்கள் அபராதத்தையும் கட்டணத்தையும் நம்பிக் காலம் தள்ளுவதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். குற்றம் செய்தவனால்தானே நீதிமன்றத்துக்குச் செலவு? அதை ஒழுங்காக வரி கட்டுகிறவன் தலையில் ஏன் சுமத்த வேண்டும்?

க.

அன்புள்ள க.,

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கத்தானே நீதிமன்றம்? ஒரு பக்கம் தீர்ப்பளித்தால் மட்டும் காசு வரும் என்றால்? மதுவிலக்குக் காலத்தில் ஒகையோ மாநிலத்தின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் மேயரே நீதிபதி. மது வைத்திருந்ததற்காக டியூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார். அந்தத் தண்டனையால் மேயருக்குக் கிடைத்தது 12 டாலர். விடுவித்திருந்தால் சல்லிக்காசு கிடைத்திருக்காது. 1927இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

இன்று யாரும் அவ்வளவு பச்சையாகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதில்லை. நியூ ஆர்லியன்ஸில், பிணை நிறுவனங்கள் (கட்டணம் வாங்கிக்கொண்டு கைதானவருக்குப் பிணை நிற்பவை) மூலம் கட்டப்பட்ட பிணைத்தொகையில் 1.8 சதவீதம் நீதிபதிகள் நிர்வகித்த செலவு நிதிக்குப் போனது. ஊழியர் சம்பளம் அதிலிருந்துதான். பிணைத்தொகை கேட்காமல் விட்டால் நிதிக்கு வரவு இல்லை. நீதிபதி உத்தமராகவே இருக்கட்டும். தன் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவரும் அவர்தானே? 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்றது.

'குற்றம் செய்தவன்' என்கிறீர்கள். மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரம் பற்றி மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண் வருகிறார். 2007இல் காரைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டார். 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். கையில் பணமில்லாமல் 25, 50 என்று செலுத்திப் பார்த்தார். முழுத்தொகைதான் வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பிவிட்டது. (கந்துவட்டிக்காரர்கூடத் தவணையை வாங்கிக்கொள்வார்.) ஆஜராகாததற்குப் பிடியாணை, ஆறு நாள் சிறை. 2014 முடியும்போது 550 டாலர் கட்டியிருந்தார். பாக்கி இன்னும் 541 டாலர்.

அபராதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் தீர்ப்பெழுதும் கைக்கே திரும்பக் கூடாது. வட கரோலினாவின் அரசியலமைப்புச் சட்டம் அபராதத்தைப் பொதுப்பள்ளிகளுக்கு ஒதுக்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'நீதிமன்றச் செலவு' என்ற பெயரில் வசூலாவது அந்தக் கணக்கில் சேராது. அடுத்த முறை இப்படியொரு வழக்கைப் படிக்கும்போது அபராதத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே உள்ள கட்டணப் பட்டியலையும் பாருங்கள்.